காவல்காரனைக் கொல்லும் கல்

சிலேட்டுக் குச்சியை அறியாதவர் யார்? பலப்பம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. முதல் எழுத்தை எழுதியது அதைக் கொண்டுதான். அதைக் கடித்துத் தின்று, அம்மாவிடம் அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு!

அந்தக் குச்சி எப்படி வருகிறது?

மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. சிலேட்டுக் குச்சிக்குப் பெயர் பெற்ற இடம் அது. பூமிக்குள் இருந்து கல்லை வெட்டி எடுப்பார்கள். மின்சார ரம்பத்தில் வைத்துக் குச்சி குச்சியாக அறுப்பார்கள். அறுக்கும்போது தூசி எழும். புகை போலக் கொட்டகை முழுவதும் பரவும். அதற்குள் உட்கார்ந்துதான் வேலை.

அந்தத் தொழிலாளர்களை டாக்டர்கள் சோதித்தார்கள். 593 பேரைச் சோதித்த முடிவு 1985-ம் ஆண்டில் வெளிவந்தது. 100-க்கு 54 பேருக்கு மேல் நுரையீரல் நோய்! கல் தூசியால் வரும் நோய் அது. "சிலிக்கோசிஸ்" என்று அதற்குப் பெயர். அங்கே முல்தான்புரா என்று ஓர் ஊர். அதை "விதவைகளின் ஊர்" என்றே அழைத்தார்கள்.

ஊரார் பிள்ளைகள் எழுதப் படித்தார்கள். குச்சி அறுத்தவர்கள் இருமி இருமிச் செத்தார்கள்.

"கல் தூசி உள்ளே போய் அடைத்துக் கொள்கிறது. அதனால் மூச்சு முட்டுகிறது" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாக்கடையில் மண் அடைப்பது போல என்று எண்ணம். அது முழு உண்மை அல்ல. உள்ளே நடப்பது வேறு. அதைத் தெரிந்து கொண்டால்தான், யார் மீது குற்றம் என்பதும் தெரியும்.

மூக்குக்குள் காவல்

ஒரு மனிதன் ஒரு நாளில் இழுக்கும் காற்று சுமார் 10 ஆயிரம் லிட்டர். ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு! அவ்வளவு காற்றிலும் தூசி இருக்கும். கிருமி இருக்கும். எல்லாம் உள்ளே போனால் மனிதன் பிழைக்க முடியுமா?

அதனால் வழி நெடுகக் காவல் இருக்கிறது. பெரிய தூசியை மூக்கில் உள்ள மயிர் தடுக்கிறது. அதற்குத் தப்பிய தூசி, மூச்சுக் குழாயில் உள்ள சளியில் ஒட்டிக் கொள்கிறது. குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் உண்டு. அவை நெற்கதிர் அசைவதுபோல ஓயாமல் அசைந்து, சளியை மேலே மேலே தள்ளும். அது தொண்டைக்கு வரும். துப்பி விடுகிறோம், அல்லது விழுங்கி விடுகிறோம்.

ஆனால், மிக மிக நுண்ணிய தூசி இந்தக் காவலையும் தாண்டிப் போய் விடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூசி அது. வெளிச்சத்தில் பார்த்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அது நுரையீரலின் கடைக்கோடிக்கே போய்ச் சேரும். அங்கே கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. காற்றில் உள்ள பிராணவாயு ரத்தத்தில் கலப்பது அங்கேதான்.

அந்தப் பைகளில் தூசியைத் தள்ள ரோமம் கிடையாது. அங்கே காவலுக்கு நிற்பது ஓர் அணு. உயிருள்ள அணு. "மாக்ரோபேஜ்" என்று டாக்டர்கள் அதைச் சொல்கிறார்கள். கிரேக்க மொழியில் அதற்குப் "பெருந்தீனிக்காரன்" என்று பொருள். பொருத்தமான பெயர்தான். பைக்குள் நகர்ந்து நகர்ந்து போகும். கிருமியைக் கண்டால் விழுங்கும். தூசியைக் கண்டாலும் விழுங்கும். வயிற்றில் சோறு செரிப்பது போல, விழுங்கியதைத் தன் உடம்புக்குள்ளேயே கரைத்து விடும்.

ரோஜா முள்

இந்தத் தீனிக்காரனைக் கண்டுபிடித்தவர் ரஷிய விஞ்ஞானி மெச்னிக்காப். அந்தக் கதை சுவையானது.

1882-ம் ஆண்டு. அவர் இத்தாலி நாட்டில் மெசினா என்ற கடற்கரை ஊரில் தங்கி இருந்தார். ஒரு நாள் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய் விட்டார்கள். பழக்கிய குரங்குகள் வித்தை காட்டும் சர்க்கஸ் அது. அவர் மட்டும் போகவில்லை. பூதக்கண்ணாடிக் கருவியின் முன் உட்கார்ந்து இருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சுகளைப் பார்த்துக் கொண்டு இருந்தார். அந்தக் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நகரும் அணுக்கள் எல்லாம் வெளியே தெரியும்.

"இந்த அணுக்கள் ஏன் இப்படி நகர்கின்றன? உடம்பைக் காக்கத்தானோ?" என்று அவருக்குத் தோன்றியது. உடனே தோட்டத்துக்குப் போனார். ரோஜாச் செடியில் இருந்து முள்ளைப் பறித்து வந்தார். குஞ்சின் தோலுக்குள் குத்தி வைத்தார். இரவெல்லாம் அவருக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக மொய்த்துக் கொண்டு இருந்தன!

காலில் முள் குத்தினால் அந்த இடம் வீங்குகிறது, சிவக்கிறது, சீழ் பிடிக்கிறது. அது என்ன என்று அன்றுதான் விளங்கியது. அது காவல் அணுக்களின் போர்! 1908-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பால் எர்லிக் என்ற ஜெர்மனி விஞ்ஞானியும் அந்தப் பரிசைப் பங்கு பெற்றார்.

செரிக்காத தீனி

கிருமியைத் தின்றால் செரிக்கும். கல்லைத் தின்றால்?

வெங்கச்சங்கல்லிலும், மணலிலும், கருங்கல்லிலும் இருப்பது சிலிக்கா என்ற பொருள். அதை உடைத்தால் வரும் தூள் சாதாரணத் தூள் அல்ல. ஒவ்வொரு துகளும் ஒரு படிகம். புதிதாக உடைந்த துகளுக்கு நஞ்சு அதிகம்.

தீனிக்காரன் அதையும் விழுங்குகிறான். அவனுக்குக் கல் என்றும் கிருமி என்றும் பேதம் தெரியாது. விழுங்கியதைக் கரைக்க அவன் உடம்புக்குள் ஒரு சிறு பை உண்டு. கரைக்கும் திரவம் அந்தப் பைக்குள் இருக்கும். கல் அந்தப் பைக்குள் போகிறது. கரையவில்லை. பையையே கிழித்து விடுகிறது! திரவம் கசிகிறது. தன் திரவமே தன்னை அரிக்கிறது. தீனிக்காரன் சாகிறான்.

சாகும்போது சும்மா சாகவில்லை. "ஆபத்து! ஆபத்து!" என்று மணி அடித்து விட்டுச் சாகிறான். அவன் உடம்பில் இருந்து சில ரசாயனப் பொருள்கள் வெளிவருகின்றன. அதுதான் மணி ஓசை. அந்த மணி எப்படி அடிக்கிறது என்பதை 2008-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சிலிக்காத் துகள் பையைக் கிழித்ததும், அணுவுக்குள் இருக்கும் ஒரு புரதக் கூட்டம் விழித்துக் கொள்கிறது. அதுதான் மணியை இழுக்கிறது.

மணி ஓசை கேட்டு ரத்தத்தில் இருந்து வேறு வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. நுரையீரல் அழல்கிறது. செத்தவன் உடம்பில் இருந்த கல் துகள் வெளியே விழுகிறது. அது தேயவும் இல்லை, கரையவும் இல்லை. அப்படியே இருக்கிறது. அடுத்த தீனிக்காரன் வருகிறான். அதை விழுங்குகிறான். அவனும் சாகிறான். மறுபடியும் மணி. மறுபடியும் கூட்டம்.

இது நிற்பதே இல்லை!

புண்ணை ஆற்றும் அணுக்களும் வருகின்றன. அவை நார் பின்னுகின்றன. கையில் பட்ட காயம் தழும்பாக ஆறுவது இப்படித்தான். ஆனால் நுரையீரலில் தழும்பு வந்தால் என்ன ஆகும்? வெங்காயத் தோல் போல நார் சுற்றிச் சுற்றி, உருண்டை உருண்டையாகக் கட்டி விழும். பஞ்சு போல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தோல்வார் போல இறுகி விடும். காற்று போக இடம் இல்லை. முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தால் வாங்கும். பிறகு உட்கார்ந்து இருந்தாலே வாங்கும்.

வேலையை விட்டு விட்டால் நோய் நின்று விடுமா? நிற்பது இல்லை. உள்ளே போன கல் உள்ளேதான் இருக்கிறது. பத்து வருஷம் முன்பு விட்ட வேலை இன்றும் ஆளைக் கொல்லும்.

காவல் அணுக்களால் வரும் தொல்லை இது ஒன்று மட்டும் அல்ல. ஆஸ்துமாவிலும் காவல் அணுக்களின் பங்கு உண்டு. அங்கே அவை வீட்டுத் தூசியையும் பூவின் மகரந்தத்தையும் பகை என்று எண்ணிச் சண்டைக்குப் போகின்றன. சிகரெட்டுக்காரரின் நுரையீரலில், ஓடி வந்த அணுக்களே காற்றுப் பையின் சுவரைக் கரைத்து விடுகின்றன. ஆனால் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து இருக்கிறது. அணுக்களின் கோபத்தை அது தணிக்கும். தவறாமல் எடுத்தால் ஆள் மற்றவர்கள் போல வேலை செய்யலாம். கல் தூசி நோய்க்கு அப்படிக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கல்லைக் கரைக்கும் மருந்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

யார் குற்றம்?

கல் வேலை செய்கிறவர் இருமினால் என்ன சொல்கிறார்கள்?

"பீடி குடித்தான், அனுபவிக்கிறான்" என்கிறார்கள். "உடம்பில் சத்து இல்லை" என்கிறார்கள். "தலைவிதி" என்கிறார்கள். முதலாளி மட்டும் அல்ல, சொந்த வீட்டாரே இப்படிச் சொல்வது உண்டு.

பீடி கெடுதல்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பீடியைத் தொடாதவரும் கல் தூசியால் சாகிறார். உடம்பு பலவீனமானதால் வந்த நோயும் அல்ல இது. காவல் அணுக்கள் ஒழுங்காக வேலை செய்வதால் வந்த வினை இது! கடமையைச் செய்கிற காவல்காரனைக் கல்லைக் கொண்டு கொன்றால், குற்றம் காவல்காரன் மேலா? கல்லைக் காற்றில் கலந்தவர் மேலா?

"முகமூடி கொடுத்தோம். அவன்தான் போடவில்லை" என்றும் ஒரு பேச்சு உண்டு. கொடுப்பது என்ன? பெரும்பாலும் ஒரு துணி. அல்லது தொழிலாளியே தன் துண்டை மூக்கில் கட்டிக் கொள்கிறார். துண்டின் ஓட்டை பெரிது. தூசி சிறிது. கொசுவைப் பிடிக்க மீன் வலை வீசுவது போன்ற காரியம் அது. நல்ல முகமூடிகள் இருக்கின்றன. முகத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். சித்திரை வெயிலில், கல் குவாரியில், எட்டு மணி நேரம் அதைப் போட்டுக் கொண்டு சம்மட்டி அடித்துப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஆகவே, தூசியை மூக்கு வாசலில் தடுப்பது இரண்டாம் பட்சம். அது எழும் இடத்திலேயே தடுக்க வேண்டும். அதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். தண்ணீர் போதும்! துளை போடும் கருவியின் முனையில் தண்ணீர் பாய வேண்டும். கல் அறுக்கும் ரம்பத்தின் மேல் தண்ணீர் விழ வேண்டும். ஜல்லி உடைக்கும் ஆலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தூசியை உறிஞ்சும் குழாய் வைக்க வேண்டும். இவை எல்லாம் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயங்கள். அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், 1930-ம் ஆண்டில் மலையைக் குடைந்தார்கள். தண்ணீர் இல்லாமல் துளை போட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் நீக்ரோ என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு இனத் தொழிலாளர்கள். அந்தச் செய்தி அமெரிக்கப் பாராளுமன்றத்தையே கலக்கியது.

தங்க வயல் தமிழர்

அமெரிக்காவுக்குப் போவானேன்? கோலார் தங்க வயல் இருக்கிறதே!

மைசூர் ராஜ்யத்தில் இருந்த அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காட்டில் இருந்தும் சேலத்துப் பக்கத்தில் இருந்தும் பிழைக்கப் போனவர்கள். மூன்று கிலோ மீட்டருக்கும் அதிக ஆழத்தில் அவர்கள் வேலை செய்தார்கள். அங்கே தங்கம் தனியாகக் கிடைக்காது. வெங்கச்சங்கல்லுக்குள் இருக்கும். ஒரு குண்டுமணித் தங்கத்துக்காகக் குவியல் குவியலாகக் கல்லை உடைக்க வேண்டும். தங்கம் சீமைக்குப் போயிற்று. தூசி தொழிலாளியின் நெஞ்சுக்குள் போயிற்று.

1940 முதல் 1946 வரை அங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 100-க்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. அந்த அறிக்கை 1947-ம் ஆண்டில் வெளிவந்தது. சுரங்கம் 2001-ம் ஆண்டில் மூடப்பட்டது. அந்தச் சுரங்கத்தை நினைத்தால் நகைக்கடைப் பெட்டிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவுக்கு வருவது இல்லை.

டி.பி. என்ற பெயர்

இந்த நோயில் இன்னொரு வஞ்சகம் இருக்கிறது.

கல் தூசி நோய்க்கும் இருமல். காச நோய்க்கும் இருமல். இரண்டிலும் உடம்பு இளைக்கும். எக்ஸ்ரே படத்திலும் ஒன்று மற்றொன்று போலத் தெரிவது உண்டு. இவர் என்ன வேலை செய்தவர் என்று கேட்காத இடத்தில், "டி.பி." என்று சீட்டு எழுதி விடுகிறார்கள். மாதக்கணக்கில் மாத்திரை தின்கிறார். இருமல் நிற்கவில்லை. "மாத்திரையை ஒழுங்காகத் தின்றாயா?" என்று அவரையே அதட்டுகிறார்கள்.

அதோடு போகவில்லை. காச நோய்க் கிருமியை விழுங்கி அடக்கி வைப்பதும் அந்தப் பெருந்தீனிக்காரன்தான். கல்லைத் தின்று அவன் செத்துப் போனால் கிருமிக்குக் கொண்டாட்டம்! அதனால்தான் கல் தூசி பட்டவர்களுக்கு டி.பி. பல மடங்கு அதிகமாக வருகிறது. இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருக்கும். சீட்டில் மட்டும் ஒரே பெயர் இருக்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. டி.பி. என்றால் கிருமியால் வந்தது. யாரும் பொறுப்பு அல்ல. சிலிக்கோசிஸ் என்றால் வேலையால் வந்தது. முதலாளி பொறுப்பு. நஷ்ட ஈடு உண்டு. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, டாக்டர் கண்டால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று இது குறிக்கப்பட்டது. சட்டம் இருந்தது. சீட்டில் பெயர் இருந்தால்தானே சட்டம் திரும்பிப் பார்க்கும்?

குஜராத்தில் கோத்ரா பகுதியில் வெங்கச்சங்கல்லைப் பொடி செய்யும் ஆலைகளில், மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் வேலை பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பி இருமிச் செத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. இறந்து போன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2016-ம் ஆண்டில் உத்தரவு ஆயிற்று. ராஜஸ்தான் அரசு 2019-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. நோய் என்று சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய். அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய்.

பணம் மூச்சைத் திருப்பித் தராது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நிறுத்தாமல் காக்கும். ராஜஸ்தான் செய்ததை மற்ற மாநிலங்களும் செய்ய என்ன தடை? டி.பி. மாத்திரை கொடுக்கும் இடங்களில் எல்லாம், "என்ன வேலை செய்கிறாய்? முன்பு என்ன வேலை செய்தாய்?" என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயம் ஆக்கினால் என்ன? அதற்குச் செலவு ஒரு காசுகூட இல்லை.

சமையல் அறைக்குள்

முன்பு அம்மி கொத்துகிறவர் தெருவில் வருவார். சிற்றுளியால் டொக் டொக் என்று கொத்துவார். அதிலும் தூசி உண்டு. ஆனால் கையால் எழும் தூசிக்கு ஓர் அளவு இருந்தது. இப்போது கட்டர் வந்து விட்டது. அறுக்க எடுக்கும் நேரம் குறைந்தது. எழும் தூசி பெருகியது.

சமையல் அறை மேடைக்குச் செயற்கைக் கல் போடுவது இப்போது ஒரு நாகரிகம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். கறை பிடிக்காது. கல்லைத் தூளாக்கி, பிசின் கலந்து அழுத்திச் செய்வது அது. அந்த வகைக் கல் பலவற்றில் 100-க்கு 90 பங்கு சிலிக்கா! மேடையாகப் போட்டு விட்டால் சமைப்பவருக்கு ஆபத்து இல்லை. அறுக்கிறவருக்குத்தான் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் இந்தக் கல்லை அறுத்த இளைஞர்கள் முப்பது வயதிலேயே மூச்சு விட முடியாமல் படுத்தார்கள். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் அந்தக் கல்லையே அந்த நாடு தடை செய்து விட்டது. இந்தியாவில் அது தயாராகி வெளிநாடுகளுக்கும் போகிறது.

வீடு கட்டுகிறவர்கள் கருங்கல்லோ, செயற்கைக் கல்லோ எதையும் வாங்கட்டும். வாசலில் வைத்து அறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். தூசி பறந்ததும் வீட்டார் ஜன்னலைச் சாத்திக் கொள்கிறார்கள். அறுக்கிறவருக்குச் சாத்த ஜன்னல் ஏது?

தண்ணீர்க் குழாய் பொருத்திய கட்டர் கடையில் கிடைக்கிறது. சாதாரணக் கட்டரில் வாளித் தண்ணீரை ஊற்றக் கூடாது. மின்சாரம் தாக்கி விடும். "தண்ணீர் விட்டு அறுக்கும் கட்டர் கொண்டு வந்தால்தான் வேலை" என்று கூலி பேசும்போதே கான்டிராக்டரிடம் சொல்லி விடலாம். தண்ணீர் விட்டால் சேறு ஆகும், தரை பாழாகும் என்று வீட்டுக்காரர்களே தடுப்பதும் உண்டு. சேற்றைக் கழுவ அரை மணி நேரம் ஆகும். ஈரம் காய்வதற்குள் அதை அள்ளிவிட வேண்டும். காய விட்டுப் பிறகு விளக்குமாற்றால் பெருக்கினால், அது மறுபடியும் தூசிதான். அப்போது அதை மூக்கில் வாங்குகிறவர் பெருக்குகிற பெண்.